லேசருக்கு முடி எது, தோல் எது என்று எப்படித் தெரிகிறது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளையும் துணிக்கடைகளையும் தாண்டி நடந்தால், ஏதாவது ஒரு மாடிப்படி ஓரத்தில் லேசர் விளம்பரம் கண்ணில் படும். மேலுதட்டு முடி, பருத்தழும்பு, மங்கு, வேண்டாமென்று ஆகிவிட்ட பச்சை குத்தல் என்று எல்லாவற்றுக்கும் அங்கே மருந்து லேசர்தான். நான் படிவம் 5 பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக வரும் அம்மாக்களில் யாராவது அவ்வப்போது வாசலில் நின்று கேட்பார்கள்: "சார், லேசர் தோலைச் சுட்டுடாதா? நம்ம கலருக்கு ஆகுமா?"

இரண்டுமே நல்ல கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில்: சுடும். சுடுவதற்காகத்தான் அதை அடிக்கிறார்கள். முடியின் வேர் சுட வேண்டும், அதற்கு மேலே இருக்கும் தோல் சுடக் கூடாது. இத்தனைக்கும் ஒளி அந்தத் தோல் வழியாகத்தான் வேருக்குப் போயாக வேண்டும். இது எப்படி முடிகிறது என்பது புரிந்துவிட்டால், இரண்டாவது கேள்விக்கான பதிலும் கூடவே வந்துவிடும்.

தோலில் விழும் ஒளியில் கொஞ்சம் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். மீதி உள்ளே போய், தோலின் நார்களில் மோதி நாலாபக்கமும் சிதறும். போகிற வழியில் ஏதாவது ஒரு பொருள் அதை உறிஞ்சினால்தான் ஒளி வெப்பமாக மாறும். உறிஞ்சப்படாத ஒளியால் தோலுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. தோலில் ஒளியை உறிஞ்சும் முக்கியமான பொருள்கள் மூன்று: தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின், இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், அப்புறம் தண்ணீர். மூன்றும் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. ஹீமோகுளோபின் பச்சையையும் மஞ்சளையும் நன்றாக உறிஞ்சும், சிவப்பை விட்டுவிடும். தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. அகச்சிவப்பில் வெகுதூரம் போனால் விடாமல் உறிஞ்சிவிடும். மெலனின் எல்லா நிறத்தையும் உறிஞ்சும். ஆனால் ஒளியின் அலைநீளம் கூடக் கூட, அது உறிஞ்சும் அளவு குறைந்துகொண்டே போகும்.

ஒளியின் நிறத்தை எண்ணால் சொல்வதுதான் அலைநீளம். பச்சை ஒளி 530 நானோமீட்டர் பக்கத்தில் இருக்கும், சிவப்பு 650 பக்கத்தில். 700-ஐத் தாண்டினால் கண்ணுக்கு மங்கி, பிறகு தெரியாமலே போய்விடும். அதுதான் அகச்சிவப்பு. டியூப்லைட்டிலிருந்து வருவது பல அலைநீளங்களின் கலவை; அதை வைத்து "நீ மெலனினை மட்டும் பிடி" என்று சொல்ல முடியாது. லேசரின் பெருமை, அது ஒரே அலைநீளத்தில் ஒளியைத் தருவது.

அது எப்படி? அணுவில் எலெக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளில்தான் இருக்க முடியும். மேல் நிலையில் இருக்கும் எலெக்ட்ரான் கீழே இறங்கும்போது, அந்த இரு நிலைகளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஒளித்துகளாக வெளியே வரும். படிவம் 5 பாடத்தின் கடைசி அத்தியாயத்தில் வரும் விஷயம்தான் இது. 1917-இல் ஐன்ஸ்டைன் இதோடு இன்னொன்றைச் சேர்த்தார்: மேல் நிலையில் காத்திருக்கும் அணுவின் பக்கத்தில் அதே ஆற்றலுள்ள ஒளித்துகள் ஒன்று கடந்து போனால், அணு உடனே தன் ஒளித்துகளையும் விட்டுவிடும். புதிதாக வந்தது பழையதின் அச்சு நகல்: அதே அலைநீளம், அதே திசை, அதே அலைக்கட்டம். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து ஒளியை நடுவில் முன்னும் பின்னும் ஓடவிட்டால் பெருகிக்கொண்டே போகும். ஒரு பக்கக் கண்ணாடி கொஞ்சம் ஒளியை வெளியே விடும்படி செய்திருந்தால், அங்கிருந்து வருவது லேசர் கதிர். 1960 மே 16-ஆம் தேதி அமெரிக்காவில் தியடோர் மெய்மன் ஒரு ரூபிக் கல்லை வைத்து இதை முதன்முதலில் செய்து காட்டினார். அந்த ஒளியின் அலைநீளம் 694 நானோமீட்டர், அடர்சிவப்பு.

பெரும்பாலான கிளினிக் லேசர்களில் இந்த எண்ணைத் திருகி மாற்ற முடியாது. அதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் பொருள். அலெக்சாண்ட்ரைட் படிகம் 755 தரும். டயோடு லேசர்களில் 800, 810 சகஜம். நியோடிமியம் கலந்த யாக் படிகம் 1064. கிளினிக்குகளில் "என்டி யாக்" என்று சொல்கிறார்களே, அது இதுதான். இதே 1064-ஐ இன்னொரு படிகத்தின் வழியே செலுத்தினால் அலைநீளம் சரிபாதியாகி 532 ஆகும், பச்சை ஒளி.

ஒரு பயத்தை இங்கேயே போக்கிவிடலாம். "லேசர் ரேடியேஷன், கேன்சர் வரும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். மரபணுவை உடைக்க எக்ஸ்ரே அல்லது புற ஊதாக் கதிர் அளவுக்கு ஒவ்வொரு ஒளித்துகளிலும் ஆற்றல் இருக்க வேண்டும். 1064 நானோமீட்டர் ஒளித்துகளின் ஆற்றல் வெறும் 1.17 எலெக்ட்ரான் வோல்ட். வெயிலில் இருக்கும் புற ஊதாவில் இதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருக்கிறது. அழகுச் சிகிச்சை லேசர்களில் நாம் பயப்பட வேண்டியது வெப்பத்துக்கு. தீக்காயம் நிஜமான ஆபத்து.

லேசர் வந்த சில ஆண்டுகளிலேயே சின்சினாட்டியில் லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதைத் தோலில் முயன்று பார்த்தார். ஆனால் அந்தக் காலத்தில் எதைச் சுட வேண்டுமோ அதோடு சுற்றியிருப்பதும் சேர்ந்து சுடுவது பெரிய தொல்லையாக இருந்தது. நிறத்தைச் சரியாகப் பிடித்தாலும் இந்தத் தொல்லை தீரவில்லை. காரணம், வெப்பம் ஓரிடத்தில் நிற்காது, பரவும். 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இருவர் இதற்கு விடை கொடுத்தார்கள். என் கணிப்பில், இன்றைய லேசர் கிளினிக் ஒவ்வொன்றும் நிற்பது இந்த விடையின் மேல்தான். அவர்கள் சொன்னது: நிறத்தோடு நேரத்தையும் கணக்கில் எடு.

தைப்பூசச் சந்தையில் கச்சாங் பூத்தே கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கடலையையும் வடையையும் ஒன்றாக அள்ளிப் போடுவதைப் பாருங்கள். கடலையை நீங்கள் கொஞ்ச நேரத்தில் வாயில் போட்டுக்கொள்ளலாம். வடையின் நடுப்பகுதி அப்போதும் நாக்கைச் சுடும். சின்னது சீக்கிரம் ஆறும், பெரியது மெதுவாக ஆறும். கணக்காகச் சொன்னால், ஒரு பொருளின் விட்டம் இரண்டு மடங்கானால் அது ஆறும் நேரம் நான்கு மடங்காகும். தோலுக்குள்ளும் இதே விதிதான். மெலனின் துணுக்கின் விட்டம் ஒரு மைக்ரோமீட்டருக்குள் அடங்கிவிடும். அது ஒரு மைக்ரோ நொடிக்குள் ஆறிவிடும். 0.1 மில்லிமீட்டர் இரத்தக் குழாய் ஆற ஏறக்குறைய 5 மில்லி நொடி. 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள மயிர்க்கால் ஆற ஏறக்குறைய 20 முதல் 45 மில்லி நொடி.

இப்போது ஆண்டர்சனும் பாரிஷும் சொன்ன வழி புரியும். சுட வேண்டிய பொருள் ஆறுவதற்குள் லேசர் துடிப்பை, அதாவது ஒரு தடவை அடிக்கும் ஒளியை, முடித்துவிட வேண்டும். அப்போது வெப்பம் பக்கத்துக்குப் பரவுவதற்குள் வேலை முடிந்துவிடும். அதே நேரத்தில், காப்பாற்ற வேண்டிய பொருள் சுட வேண்டியதைவிடச் சின்னதாக இருந்தால், அது ஆறிக்கொள்ள இடம் விட்டு, துடிப்பைச் சற்று நீளமாக்கலாம். முடி சிகிச்சை இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

நம் நிறத்துக்கு வருவோம். முடியில் இருப்பதும் மெலனின், நம் மேல்தோலில் இருப்பதும் மெலனின். லேசருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி என்றால் வேலை சுலபம், மேல்தோலில் உறிஞ்ச ஒன்றும் பெரிதாக இல்லை. தோல் நிறத்தை ஒன்று முதல் ஆறு வரை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலை 1975-இல் உருவாக்கினார்கள். வெயிலில் தோல் எப்படிச் சிவக்கிறது, எப்படிக் கறுக்கிறது என்பதை வைத்து அது பிரிக்கும். நம்மில் பெரும்பாலோர் அதில் நான்கு, ஐந்து, ஆறாம் வகைகளில் வருவோம். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட்டை நம் தோலில் அடித்தால், வேருக்குப் போக வேண்டிய ஒளியில் கணிசமான பங்கை மேல்தோலின் மெலனினே வாங்கிக்கொள்ளும். கொப்புளமும் கறுத்த தடமும் வருவது இப்படித்தான்.

நமக்குக் கைகொடுப்பது 1064. இந்த அலைநீளத்தை மெலனின் 755-ஐ உறிஞ்சுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே உறிஞ்சும். முடிக்கும் அப்படித்தானே, அதுவும் குறைவாகத்தானே உறிஞ்சும் என்று கேட்பீர்கள். ஆமாம். அதனால் கூடுதல் ஆற்றல் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படியானால் என்ன லாபம்? மூன்று லாபம் உண்டு. நீண்ட அலை தோலில் குறைவாகச் சிதறும், ஆகவே சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் வேர் வரைக்கும் போய்ச் சேரும். இரண்டாவதாக, முடியின் வேரில் மெலனின் அடர்த்தியாக, ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது; மேல்தோல் 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய படலம், அதன் வெப்பம் 10 மில்லி நொடிக்குள் வடிந்துவிடும். துடிப்பை 20, 30 மில்லி நொடிக்கு நீட்டினால், மேல்தோல் சூடேறச் சூடேற ஆறிக்கொண்டே இருக்கும், மயிர்க்காலில் சூடு தங்கி ஏறும். மூன்றாவது, குளிர்விப்பு. கைப்பிடியின் முனையில் இருக்கும் நீலக்கல் சன்னலைக் குளிர வைத்துத் தோலில் அழுத்துவார்கள். சில கருவிகள் துடிப்புக்குச் சற்று முன்னால் குளிர்விக்கும் திரவத்தைப் பீச்சும். சிலவற்றில் குளிர்காற்றுக் குழாய் இருக்கும். மேல்பரப்பு மட்டும் குளிரும், வேர் குளிராது. கறுத்த தோலுக்கு இந்தக் குளிர்விப்பு வலியைக் குறைக்க மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தீக்காயத்துக்கும் நமக்கும் நடுவில் நிற்பது அதுதான்.

முடி விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் பெண்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி அதுதான். சிகிச்சைக்கு முன் முடியை ஷேவ் செய்துகொண்டு வரச் சொல்வார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடியும் ஒளியை உறிஞ்சித் தோலின் மேலேயே எரியும். ஆனால் வேக்சிங், திரெட்டிங் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளியை உறிஞ்ச உள்ளே மெலனின் இருக்காது. நரைத்த முடிக்கும் இதே காரணத்தால் லேசர் வேலை செய்யாது, எத்தனை ஆயிரம் ரிங்கிட் கட்டினாலும் சரி. முடி எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை என்பதால், ஒரே தடவையில் முடியாது. 4 முதல் 8 வாரம் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் தொடங்குவதில் அர்த்தமில்லை. கிடைப்பதும் நிலையான குறைவுதான், ஒரு முடிகூட இல்லாமல் போவதல்ல. ஒரு வேண்டாத பலனும் உண்டு: முகத்தில், குறிப்பாகத் தாடையிலும் கழுத்திலும், சிலருக்கு வேர் சாகாமல் தூண்டப்பட்டுப் பூனை முடி தடித்த முடியாக வளரும். தெற்காசியப் பெண்களிடமும், பிசிஓஎஸ் போன்ற ஹார்மோன் கோளாறு இருப்பவர்களிடமும் இது அதிகம். தாடை முடிக்குப் போகிறவர்கள் முதலில் ஹார்மோனைப் பார்த்துவிடுவது நல்லது.

கரும்புள்ளிக்கும் பச்சை குத்தலுக்கும் போனால் நேரம் தலைகீழாகச் சுருங்கும். மெலனின் துணுக்கு மைக்ரோ நொடிக்குள் ஆறிவிடும் என்று பார்த்தோம், ஆகவே துடிப்பு அதைவிடக் குறுகியதாக இருக்க வேண்டும். இதற்கு லேசருக்குள் ஒளி ஓடும் பாதையை அடைத்து, ஆற்றலைச் சேரவிட்டு, சட்டென்று திறந்துவிடுவார்கள். "கியூ ஸ்விட்ச்" என்பது இந்த அடைப்பும் திறப்பும்தான். அரை ஜூல் என்பது 100 கிராம் எடையை அரை மீட்டர் தூக்கும் ஆற்றல், ஒன்றுமே இல்லை. அதே அரை ஜூல் 5 நானோ நொடியில் வெளியே வந்தால், அந்தக் கணத்தில் அதன் திறன் 10 கோடி வாட். நிறமித் துணுக்கு சூடாகி வெந்துபோக நேரமே கிடைக்காது, வெடித்து நொறுங்கும். பச்சையின்மேல் அடிக்கும்போது "டிக் டிக்" என்று கேட்பது அந்த அதிர்வுதான். அடித்த இடம் உடனே சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுக்கும், உள்ளே உண்டான வாயுக் குமிழிகளால். சில நிமிடங்களில் அந்த வெளுப்பு மறைந்துவிடும். நொறுங்கிய மையை உடலின் விழுங்கணுக்கள் வாரக்கணக்கில் மெல்ல அகற்றும். பிகோ லேசர் இதைவிடக் குறுகியது, நானோ நொடியிலும் ஆயிரத்தில் சில நூறு பங்கு.

மையின் நிறம் பார்த்து அலைநீளம் மாறும்: கறுப்புக்கு 1064, சிவப்புக்கு 532, பச்சை நிறத்துக்கு 694 அல்லது 755. மெலனின் 532-ஐ 1064-ஐவிட ஏறக்குறைய 10 மடங்கு உறிஞ்சும் என்பதால், நம் தோலில் சிவப்பு மையை எடுப்பது பக்குவமாகச் செய்ய வேண்டிய வேலை. புருவத்துக்கும் உதட்டுக்கும் போட்ட அழகு மைகளில் இரும்பு அல்லது டைட்டானியம் ஆக்சைடு கலந்திருந்தால், லேசர் பட்டதும் கறுத்துவிடக்கூடும். அதை நீக்குவது எளிதல்ல. முன்பே போட்டிருந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இங்கே பேரங்காடிகளில் பிரபலமாக இருக்கும் கார்பன் பீலும் இதே குடும்பம். முகத்தில் கரிப்பொடிக் களிம்பு பூசி, அதன்மேல் 1064-ஐ அடிப்பார்கள். ஒளியை உறிஞ்சும் பொருளை வெளியிலிருந்து கொண்டுவந்து தடவுகிறார்கள், அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கும் செத்த தோலும் போய் முகம் சில நாள் பளிச்சென்று இருக்கும். அதைத் தோல் வெளுப்பு என்று விற்பதை நம்ப வேண்டாம். மங்குக்கும் ஒரு வார்த்தை: அதை வெப்பமே கிளறிவிடக்கூடும், லேசரில் மறைந்து திரும்ப வருவது சர்வசாதாரணம். மங்கு இருப்பவர்கள் சன்ஸ்கிரீனையும் டாக்டர் தரும் களிம்பையும் முதலில் பிடித்துக்கொள்வதே சரி.

பருத்தழும்புக்கு உறிஞ்சும் பொருள் தண்ணீர். எர்பியம் லேசர் 2940, கார்பன் டை ஆக்சைடு லேசர் 10,600 நானோமீட்டர். பிந்தியதை 1964-இல் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். தோல் பெரும்பாலும் தண்ணீர் என்பதால் இந்த ஒளி முழுவதும் மேற்பரப்பிலேயே தீர்ந்துபோய், திசு ஆவியாகிவிடும். முகம் முழுவதையும் அப்படி உரித்தால் ஆற நாளாகும், நம் தோலில் கறுப்புத் தடம் விழும். 2004 முதல் வந்த ஃபிராக்ஷனல் முறையில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய துளைகளாக மட்டும் அடித்து, நடுவில் நல்ல தோலை விட்டுவைப்பார்கள். அந்த நல்ல தோல் பக்கத்துக் காயத்தைச் சீக்கிரம் மூடும். கறுத்த தோலுக்குத் துளைகளை அடர்த்தி குறைத்து அடிப்பார்கள்.

ஐபிஎல் (Intense Pulsed Light) என்பது லேசர் அல்ல. பளிச்சென்று மின்னும் விளக்கு, அதன்முன் ஒரு வடிகட்டி. ஏறக்குறைய 500 முதல் 1200 நானோமீட்டர் வரை எல்லாம் கலந்து வரும். அதில் இருக்கும் குட்டை அலைகளை நம் மேல்தோல் அப்படியே வாங்கிக்கொள்ளும். தவறாக அடித்தால் கைப்பிடியின் முனை பட்ட இடமெல்லாம் வரிசையாகச் செவ்வகத் தழும்புகள் விழும். பார்த்தவுடனே இது எதனால் என்று சொல்லிவிடலாம். வீட்டில் வைத்துக்கொள்ளும் ஐபிஎல் கருவிகள் பலவற்றில் தோல் நிறத்தைப் பார்க்கும் உணரி இருக்கும். கறுத்த தோலில் வைத்தால் கருவி வேலை செய்யாது. அதை ஏமாற்ற வழி தேட வேண்டாம்.

குளிர்நாடுகளில் வெயில் இல்லாத மாதம் பார்த்து லேசருக்குப் போகச் சொல்வார்கள். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகையில் இருக்கிறது, நமக்கு அப்படி ஒரு மாதம் கிடையாது. வெயிலில் கறுத்த தோலில் மெலனின் கூடியிருக்கும், போன தடவை பாதுகாப்பாக இருந்த அதே அளவு இந்தத் தடவை சுட்டுவிடும். பத்துமலையில் காவடி எடுத்து வெயிலில் நின்றவர்கள் தோல் பழைய நிறத்துக்கு வரும்வரை சில வாரம் தள்ளிப்போடுங்கள். வெயிலில் நின்றதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

கண்ணுக்கு வருவோம். 1064 கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடியிலிருந்து தெரியும் சிவப்புப் புள்ளி குறிபார்க்க மட்டும். கண்ணின் லென்ஸ் இந்த ஒளியை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும், விழித்திரைக்குப் பின்னால் மெலனின் படலம் வேறு இருக்கிறது. ஒரு துடிப்பே பார்வையைப் பறித்துவிடக்கூடும். கண்ணை மூடிக்கொண்டால் போதாது, இமை தடுக்காது. டாக்டரும் உதவியாளரும் போட்டிருக்கும் கண்ணாடியின் காம்பைப் பாருங்கள்: அலைநீளமும், ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஓடி (OD) என்ற அளவும் பொறித்திருக்கும். ஓடி 5 என்றால் ஒளியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். 755-க்கான கண்ணாடி 1064-க்கு ஆகாமல் போகலாம். முகத்தில் சிகிச்சை என்றால் உங்கள் கண்ணை ஒளி புகாத மூடியால் முழுவதும் மூட வேண்டும்.

மலேசியாவில் லேசர் சிகிச்சை டாக்டர்கள் செய்ய வேண்டிய வேலை. அழகு நிலையங்களுக்கு அனுமதி இல்லை. டாக்டராக இருந்தாலும், அழகியல் சிகிச்சை செய்ய சுகாதார அமைச்சு தரும் எல்சிபி என்ற நற்சான்றுக் கடிதம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், சங்கடப்படத் தேவையில்லை. கருவியின் பெயரைவிட அலைநீளத்தையும் துடிப்பின் நீளத்தையும் குளிர்விப்பு முறையையும் கேளுங்கள். மச்சத்தை எடுக்கப் போகிறவர்கள், அது வெறும் மச்சம்தானா என்று டாக்டர் பார்த்த பிறகே லேசரைத் தொட விடுங்கள். சுட்டுவிட்டால் பிறகு பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது.

முழு முகத்துக்கும் முன்னால் காதுக்குக் கீழேயோ தாடை ஓரத்திலோ ஒரு சின்ன இடத்தில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் என்றால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். நம் தோலில் கறுப்புத் தடம் எழும்ப அதைவிட நாளாகும். ஆகவே அடுத்த நாளே முழுச் சிகிச்சைக்கு நாள் குறிக்காமல், சில வாரம் விட்டு அந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.